பள்ளியில் மனநலக் கணக்கெடுப்பு: படிவத்தை நீட்டும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'மாணவர்களில் மூன்றில் ஒருவருக்கு மனநலப் பாதிப்பு' என்ற வகைச் செய்திகள் தேர்வுக் காலத்தை ஒட்டி வருவது வழக்கமாகிவிட்டது. அவற்றின் பின்னால் பெரும்பாலும் இருப்பது ஒரு கேள்விப் படிவம். வகுப்பில் கொடுத்தோ, வாட்ஸ்அப் குழுவில் கூகுள் படிவமாக அனுப்பியோ ஒரே வாரத்தில் திரட்டிய பதில்கள். குழந்தைகள், வளரிளம் பருவத்தினரின் உணர்வு, நடத்தைச் சிக்கல்களை அளக்கும் வேலையில் இருப்பவர்கள் நாங்கள். அந்தப் படிவம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது, எங்கே பிசகுகிறது என்று எழுத உங்கள் பக்கத்தில் இடம் கேட்கிறோம்.

முதலில் எண்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் பெங்களூரில் 16 வயது வரையுள்ள 2,064 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2005-இல் வெளியானது. 4 முதல் 16 வயதுக்குள் 12 சதவீதம் பேருக்கு மருத்துவ வரையறைப்படி ஏதேனும் ஒரு சிக்கல் இருந்தது. அன்றாட வாழ்க்கை உண்மையிலேயே பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று அடுத்துப் பார்த்தபோது அந்த 12 சதவீதம் 5.3 ஆகச் சுருங்கியது. முன்னணியில் நின்றவையும் பலர் நினைப்பவை அல்ல. படுக்கையில் சிறுநீர் கழிப்பது, குறிப்பிட்ட ஒன்றைக் கண்டு அஞ்சுவது, அளவுமீறிய துறுதுறுப்பு, திக்குவாய், எதற்கும் எதிர்த்து நிற்பது ஆகியவை. தங்கள் பிள்ளைக்கு ஒரு பிரச்சினை இருக்கிறது என்று உணர்ந்திருந்த குடும்பங்கள் 37.5 சதவீதமே. பின்னர் 2015-16-இல் பெங்களூர் மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதினரில் 7.3 சதவீதம் என்றது.

இவை நேர்காணல் செய்து கண்ட எண்கள். பள்ளியில் படிவம் கொடுத்து எடுத்தால் அதே ஊரில் 20, 30 என்று ஏறும். பிள்ளைகள் மாறவில்லை, அளவுகோல் மாறியிருக்கிறது. படிவம் கேட்பது 'அறிகுறி உண்டா' என்று. நேர்காணல் கேட்பது 'எத்தனை நாளாக, எந்த அளவுக்கு, அதனால் எது கெட்டது' என்று. இரண்டையும் ஒரே பெயரில் அச்சிடுவதுதான் குழப்பத்தின் வேர்.

உலகெங்கும் அதிகம் புழங்கும் படிவம் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். லண்டனில் பணியாற்றிய குழந்தை மனநல மருத்துவர் ராபர்ட் குட்மன் 1997-இல் வெளியிட்ட எஸ்.டி.கியூ., அதாவது பிள்ளையின் பலங்களையும் சிரமங்களையும் கேட்கும் படிவம். தமிழிலும் கிடைக்கிறது. மொத்தம் 25 வாக்கியங்கள், ஐந்து ஐந்தாக ஐந்து பிரிவு: உணர்வுச் சிக்கல், நடத்தைச் சிக்கல், துறுதுறுப்பும் கவனக்குறைவும், சக பிள்ளைகளோடு உறவு, பிறருக்கு உதவும் குணம். கடந்த ஆறு மாதத்தை மனத்தில் வைத்து ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 'பொருந்தாது', 'ஓரளவு பொருந்தும்', 'நிச்சயமாகப் பொருந்தும்' என்று குறிக்க வேண்டும். மதிப்பெண் 0, 1, 2. முதல் நான்கு பிரிவுகளின் கூட்டல்தான் மொத்தச் சிரமம், அதிகபட்சம் 40. உதவும் குணத்தை அதில் சேர்க்கக் கூடாது.

பெரிய பிழை நடக்கும் இடம் இதுதான். அந்த 20 வாக்கியங்களில் ஐந்து நல்ல குணத்தைச் சொல்பவை. சொல்பேச்சுக் கேட்பது, ஒரு நெருங்கிய நட்பாவது இருப்பது, மற்ற பிள்ளைகளுக்குப் பிடித்தவராக இருப்பது, செய்யுமுன் யோசிப்பது, எடுத்த வேலையை முடிப்பது. வரிசையில் 7, 11, 14, 21, 25. இவற்றுக்கு மதிப்பெண்ணைத் திருப்பிப் போட வேண்டும். எக்செல் தாளில் எல்லாவற்றையும் அப்படியே கூட்டிவிட்டால் என்ன ஆகும்? எந்தச் சிரமமும் இல்லாத, ஐந்து நல்ல குணமும் நிரம்பிய பிள்ளைக்கு 0 வர வேண்டிய இடத்தில் 10 வரும். ஆசிரியர் நிரப்பும் படிவத்தில் 12-லேயே 'எல்லைக்கோடு' (இயல்புக்கும் மிகைக்கும் இடைப்பட்ட நிலை) தொடங்கிவிடுகிறது. கணக்கு முடிந்ததும், மிக நன்றாக இருக்கும் நாலைந்து பிள்ளைகளின் படிவத்தைக் கையால் கூட்டிப் பாருங்கள். தவறு அங்கேயே தெரிந்துவிடும். ஒரு பிரிவில் மூன்று பதிலாவது இருந்தால் விடுபட்டதை அதே விகிதத்தில் ஈடுகட்டலாம். மூன்றுக்கும் குறைந்தால் அந்தப் பிரிவை விட்டுவிட வேண்டும். வெற்றிடத்தை 0 என்று எடுத்துக்கொள்வது பொய்க் கணக்கு.

எல்லைகளும் ஆளுக்கு ஆள் வேறு. பெற்றோர் படிவத்தில் 17-இலிருந்து 'மிகை', ஆசிரியர் படிவத்தில் 16-இலிருந்து, மாணவர் தாமே நிரப்பும் படிவத்தில் (11 வயது முதல்) 20-இலிருந்து. மாணவர் படிவத்துக்குப் பெற்றோரின் 17-ஐப் பொருத்தினால் எண்ணிக்கை தானாக எகிறும். அதைவிட முக்கியம், இந்த எல்லைகளை எப்படி வைத்தார்கள் என்பது. பிரிட்டனில் பொதுவான பிள்ளைகளில் ஏறத்தாழ 80 சதவீதம் இயல்பு, 10 சதவீதம் எல்லைக்கோடு, 10 சதவீதம் மிகை என்று விழும்படி கோடு கிழித்தார்கள். ஆகவே எல்லைக்கோட்டையும் மிகையையும் சேர்த்து '20 சதவீதம் பேருக்குப் பாதிப்பு' என்று ஒரு பள்ளி அறிவித்தால், அது பெரும்பாலும் கோடு கிழித்த விதத்தையே திருப்பிச் சொல்கிறது. பிரிட்டன் பிள்ளைகளை வைத்துப் போட்ட கோடு நம் பிள்ளைகளுக்குப் பொருந்துமா என்பது இன்னொரு கேள்வி. நேர்காணலோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் அதற்கு விடை கிடையாது.

படிவத்தின் பின்பக்கத்தை நகலெடுக்காமல் விடுவதும் பரவலாக நடக்கிறது. சிரமம் எத்தனை மாதமாக இருக்கிறது, பிள்ளையை அது வருத்துகிறதா, வீடு, நட்பு, படிப்பு, விளையாட்டு எதைக் கெடுக்கிறது, மற்றவருக்குச் சுமையாகிறதா என்று கேட்பது அந்தப் பக்கம்தான். பெங்களூரில் 12-ஐ 5.3 ஆக்கியது இந்த வகைக் கேள்விதான். காகிதம் மிச்சம் பிடிக்கப்போய் உயிரான பகுதி போய்விடுகிறது.

அடுத்தது, யாரைக் கேட்பது. 1987-இல் அமெரிக்க உளவியலாளர் அக்கன்பாக் குழுவினர் 119 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். முழு ஒற்றுமைக்கு 1, ஒற்றுமையே இல்லாததற்கு 0 என்ற அளவில், தாயும் தந்தையும் போன்று ஒரே இடத்தில் பிள்ளையைப் பார்ப்பவர்கள் சொன்னது சராசரி 0.60 ஒத்துப்போனது. பெற்றோரும் ஆசிரியரும் போன்று வெவ்வேறு இடத்தில் பிள்ளையைப் பார்ப்பவர்களுக்கு இடையே 0.28. பிள்ளை தானே சொல்வதற்கும் பிறர் சொல்வதற்கும் 0.22. யாரும் பொய் சொல்வதால் அல்ல. நாற்பது பேர் நடுவில் உட்கார முடியாத பையன் வீட்டில் மாடு மேய்க்கும்போது யாருக்கும் தொந்தரவில்லை. பள்ளியில் வாயே திறக்காத பெண் இரவில் தூங்காமல் கிடப்பது அம்மாவுக்குத்தான் தெரியும், சில நேரம் அம்மாவுக்கும் தெரியாது. சேட்டையையும் கவனக்குறைவையும் ஆசிரியர் நன்றாகப் பார்ப்பார். பயத்தையும் சோர்வையும் பிள்ளைதான் சொல்ல வேண்டும். சத்தம் போடாத பிள்ளை நல்ல பிள்ளை என்பது நம் வகுப்பறைகளின் வழக்கம். ஆசிரியரை மட்டும் கேட்கும் கணக்கெடுப்பில் முதலில் தவறிப்போவது அந்தப் பிள்ளைதான்.

சொற்களும் சிக்கல் செய்யும். 'பரீட்சையை நினைச்சாக் கவலையா இருக்கு' என்பதில் கவலை ஒன்று. 'பாட்டி போனதிலிருந்து புள்ள கவலையா இருக்கா' என்பதில் வேறொன்று. முதலாவது பதற்றம், இரண்டாவது துயரம். படிவம் அவற்றைத் தனித்தனியாகக் கேட்கிறது, நம் வீட்டுத் தமிழ் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறது. இதற்காக ஆளாளுக்கு வாக்கியத்தை மாற்றக் கூடாது. இது காப்புரிமை உள்ள படிவம். அச்சிட்ட தாளை லாப நோக்கமின்றிப் பயன்படுத்தலாம், சொற்களைத் திருத்தவோ கணினி வடிவத்துக்கு மாற்றவோ உரிமையாளரின் அனுமதி வேண்டும். கூகுள் படிவமாக்கி அனுப்புவோர் இதைக் கவனிப்பதில்லை. வகுப்பில் வாசித்துக் காட்டினால் அச்சில் உள்ளபடியே எல்லாப் பிரிவிலும் வாசியுங்கள். 'அ' பிரிவில் ஒரு விளக்கமும் 'ஆ' பிரிவில் வேறொரு விளக்கமும் கொடுத்தால் இரண்டையும் ஒப்பிட முடியாது.

இத்தனையும் சரியாகச் செய்தாலும் படிவத்தின் பிடி எவ்வளவு? பிரிட்டனில் 5 முதல் 15 வயது வரை 7,984 பிள்ளைகளிடம் சோதித்து 2000-இல் குட்மன் குழுவினர் விடை சொன்னார்கள். பெற்றோர், ஆசிரியர், பிள்ளை என்று கிடைத்த படிவங்களை எல்லாம் சேர்த்துப் பார்த்தபோது, உண்மையில் சிக்கல் உள்ளவர்களில் 63.3 சதவீதம் பேர் பிடிபட்டார்கள். சிக்கல் இல்லாதவர்களில் 94.6 சதவீதம் பேரை 'இல்லை' என்று சரியாகச் சொன்னது. இதை ஒரு பள்ளிக்குப் போட்டுப் பாருங்கள். 1,000 மாணவர்கள், அவர்களில் 100 பேருக்கு உண்மையான சிக்கல் என்று கொள்வோம். 63 பேர் பிடிபடுவார்கள், 37 பேர் தப்பிவிடுவார்கள். மீதி 900 பேரில் 49 பேர் தவறாகப் பட்டியலில் ஏறுவார்கள். ஆக 112 பெயர் கொண்ட பட்டியலை வைத்து எல்லோர் வீட்டுக்கும் 'உங்கள் பிள்ளைக்கு மனநலப் பிரச்சினை' என்று சொன்னால், நூற்றுக்கு ஏறக்குறைய 44 வீட்டுக்கு அது தவறான செய்தி. நடத்தைச் சிக்கல், துறுதுறுப்பு, மனச்சோர்வு ஆகியவற்றில் 70 சதவீதத்துக்கு மேல் பிடிபட்டது. குறிப்பிட்ட ஒன்றைக் கண்டு அஞ்சுவது, பெற்றோரைப் பிரிய அஞ்சுவது, உணவுச் சிக்கல் ஆகியவற்றில் பாதிகூடப் பிடிபடவில்லை. அதனால்தான் சொல்கிறோம், படிவம் சலிக்கும் சல்லடை மட்டுமே. நோய் உண்டா என்பதைப் பயிற்சி பெற்றவர் பிள்ளையோடும் வீட்டாரோடும் பேசித்தான் சொல்ல முடியும்.

இனி, நடத்த நினைக்கும் பள்ளிகளுக்கு. ஜூனில் வேண்டாம். ஆறு மாத நடத்தையைக் கேட்கும் படிவத்தை, பிள்ளையைச் சில வாரமே பார்த்த வகுப்பாசிரியர் நிரப்ப முடியாது. காலாண்டு விடுமுறை முடிந்து, அரையாண்டுத் தேர்வின் நெருக்கடி தொடங்கும் முன் உள்ள வாரங்கள்தான் தோதானவை. தேர்வுக்கு முந்தைய வாரத்தில் எடுத்தால் அளப்பது தேர்வுப் பயத்தை. ஒரு படிவத்துக்கு ஐந்து நிமிடம் பிடிக்கும். நாற்பது பேருக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல். ஒரே மாலையில் முடிக்கச் சொன்னால் இருபதாவது படிவத்துக்குப் பிறகு பேனா நடுக் கட்டத்திலேயே ஓடும். நாளைக்கு எட்டுப் பத்து என்று ஒரு வாரம் கொடுங்கள்.

மாணவர்களை ஒரு பெஞ்சுக்கு ஒருவராக உட்காரவையுங்கள், வகுப்பாசிரியர் அந்த நேரத்தில் அறையில் இருக்க வேண்டாம். தாளில் பெயருக்குப் பதில் எண். எண்ணும் பெயரும் சேர்ந்த பட்டியல் வேறு இடத்தில், பூட்டிய அலமாரியில், ஒருவர் பொறுப்பில். பெற்றோரின் சம்மதத்தை எழுத்தில் வாங்க வேண்டும். 'மறுப்புச் சொல்லாதவர் சம்மதித்ததாகக் கொள்ளப்படும்' என்று டயரியில் ஒட்டி அனுப்புவது சம்மதம் ஆகாது. ஆய்வாக இருந்தால், மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 நெறிமுறைப்படி பெற்றோர் ஒப்புக்கொண்டாலும் பிள்ளையின் இசைவும் தேவை. 12 வயதுக்கு மேல் அதுவும் எழுத்தில். 'வேண்டாம்' என்ற பிள்ளையை வற்புறுத்தக் கூடாது.

ரகசியம் காப்போம் என்று முழு வாக்குக் கொடுக்காதீர்கள். உயிருக்கு ஆபத்து என்றால் சொல்லியாக வேண்டும். பாலியல் துன்புறுத்தல் தெரியவந்தால் 2012 போக்சோ சட்டப்படி புகார் செய்வது கட்டாயம். இதைப் படிவம் கொடுக்கும் முன்பே பிள்ளைகளிடம் சொல்லிவிடுவதுதான் நேர்மை. தற்கொலை எண்ணத்தைக் கேட்டால் அது நினைப்பை ஊட்டிவிடும் என்று பல தலைமையாசிரியர்கள் பயப்படுகிறார்கள். நியூயார்க் மாநிலத்தில் 2,342 உயர்நிலை மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியிடம் மட்டும் முதலில் கேட்டுப் பார்த்தார்கள். கேட்கப்பட்டவர்களுக்கு வேதனையோ அந்த எண்ணமோ கூடவில்லை என்று 2005-இல் முடிவு வந்தது. கேட்பதில் ஆபத்தில்லை; கேட்டுவிட்டுத் தாளை மூன்று வாரம் மேசையில் போட்டு வைப்பதில்தான் ஆபத்து. அந்தக் கேள்வி இருக்கும் தாளை அன்று மாலைக்குள் ஒருவர் படித்தாக வேண்டும். 'ஆம்' என்ற பிள்ளையோடு அன்றே தனியாகப் பேசி, வீட்டுக்குத் தெரிவித்து, தனியே விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416, குழந்தைகள் உதவி எண் 1098 இரண்டும் எல்லா மாணவர் கையிலும் இருக்கட்டும். எஸ்.டி.கியூ.வில் இந்தக் கேள்வியே கிடையாது. ஆகவே குறைந்த மதிப்பெண் வந்ததால் கவலையில்லை என்று இருந்துவிடவும் முடியாது.

அதிக மதிப்பெண் வந்த எல்லோரையும் நேர்காணல் செய்யுங்கள். குறைந்த மதிப்பெண் வந்தவர்களிலும் பத்துக்கு ஒருவரைக் குலுக்கல் முறையில் எடுத்துப் பேசுங்கள். இந்த இரண்டாவது வேலையைச் செய்யாத ஆய்வு, தவறவிட்டது எத்தனை பேர் என்பதைச் சொல்லவே முடியாது. நேர்காணல் செய்ய ஆளும் அனுப்ப மருத்துவமனையும் முன்கூட்டியே பேசி வைக்காத பள்ளி, படிவத்தைத் தொடாமலிருப்பது மேல்.

கண்டுபிடித்த பிறகு? வேலையை ஆசிரியர் தலையில் கட்டுவதுதான் எங்கும் நடக்கிறது. பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் 74 பள்ளிகளை ஆராய்ந்த 'சேஹர்' ஆய்வு 2018-இல் வெளியானது. ஒரே திட்டத்தைச் சில பள்ளிகளில் ஆசிரியர்கள் நடத்தினார்கள், சிலவற்றில் அதற்கென்றே நியமித்துப் பயிற்சி கொடுத்த, மனநலப் பட்டமில்லாத ஆலோசகர்கள். ஆலோசகர் இருந்த பள்ளிகளில் பள்ளிச் சூழல் மேம்பட்டது, மனச்சோர்வும் கொடுமைப்படுத்தலும் குறைந்தன. ஆசிரியர் நடத்திய பள்ளிகளில் பலனில்லை. ஆசிரியருக்கு அக்கறை இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. பாடமும் பரீட்சையும் அவரது நேரத்தைத் தின்றுவிடுகின்றன. மதிப்பெண் போடும் ஆளிடம் பிள்ளை மனம் திறக்கவும் தயங்கும்.

எல்லா மாணவருக்கும் ஒரே வகுப்பு எடுத்தால் போதும் என்பதும் நிலைக்கவில்லை. பிரிட்டனில் 84 பள்ளிகளில் 8,000-க்கு மேற்பட்ட மாணவர்களுக்கு மனநிறைகவனப் பயிற்சியை (மைண்ட்ஃபுல்னஸ், மனத்தை நிகழ்கணத்தில் நிறுத்தும் பயிற்சி) பாடமாகவே வைத்துப் பார்த்த மிரியட் ஆய்வு, வழக்கமான வகுப்பைவிட மேலான பலன் இல்லை என்று 2022-இல் சொல்லிவிட்டது.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம், ஏனென்றால் இதில் தீங்கே நேர்கிறது. 'பிரச்சினைப் பையன்களை' ஒன்றுதிரட்டித் தனி வகுப்பு, தனி முகாம் வைப்பது. டிஷன், மெக்கார்ட், புலின் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1999-இல் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். அமெரிக்காவின் ஓரிகனில் இப்படிக் குழுவாகச் சேர்த்த பிள்ளைகளிடம் புகைப்பழக்கமும் ஆசிரியர் சொன்ன நடத்தைக் கோளாறும் குறையாமல் கூடின. மாசசூசெட்சில் 1939-இல் தொடங்கிய ஒரு பழைய திட்டத்தைப் பல பத்தாண்டு கழித்துத் திரும்பிப் பார்த்தபோதும், கோடை முகாமுக்குத் திரும்பத் திரும்ப அனுப்பப்பட்ட சிறுவர்களே மோசமாகியிருந்தார்கள். காரணம் எளிது: ஒருவன் செய்த அடாவடியைச் சொன்னதும் மற்றவர்கள் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்புதான் பரிசு. அப்படிப்பட்ட பிள்ளையைத் தனியாகவோ, சாதாரணப் பிள்ளைகளோடு கலந்தோ கவனியுங்கள்.

சிறு பிள்ளைகளின் அடத்துக்கும் மூர்க்கத்துக்கும் நன்கு நிரூபணமான வழி, பெற்றோருக்குப் பயிற்சி. ஓரிகனில் உளவியலாளர் ஜெரால்டு பேட்டர்சன் பல்லாண்டு வீடுகளுக்குள் உட்கார்ந்து பார்த்துக் கண்ட சுழற்சி இது. அம்மா செல்போனைக் கேட்கிறார், பிள்ளை கத்துகிறது, அம்மா இன்னும் கத்துகிறார், பிள்ளை தரையில் புரள்கிறது, அம்மா விட்டுவிடுகிறார். புரண்டால் கிடைக்கும் என்று பிள்ளை கற்கிறது, விட்டுவிட்டால் சத்தம் நிற்கும் என்று அம்மா கற்கிறார். இருவருக்கும் அந்தக் கணத்தில் லாபம், அதனால் நாளையும் நடக்கும். பயிற்சி இதை இரண்டு பக்கமும் அறுக்கிறது. நல்லபடி நடந்த அந்த நொடியிலேயே எதற்காக என்று சொல்லிப் பாராட்டுவது. கட்டளையைக் குறைத்து, ஒரு முறை, சுருக்கமாக, செய்யக்கூடியதாகச் சொல்வது. சொன்ன விளைவைச் சிறியதாக ஆனால் தவறாமல் செய்வது. முதல் ஒன்றிரண்டு வாரம் அடம் கூடும். அதைப் பார்த்துப் பயிற்சி தோற்றுவிட்டது என்று கைவிடுபவர்கள் அதிகம். பெங்களூர் ஆய்வில் உடல்ரீதியான துன்புறுத்தலுக்கும் பிள்ளைகளின் சிக்கலுக்கும் தொடர்பு தெரிந்தது. 'அடியாத மாடு படியாது' என்பதைப் பிள்ளை வளர்ப்பில் இனியும் பயன்படுத்த வேண்டாம்.

கடைசியாக உங்கள் செய்தியாளர்களிடம் ஒரு வேண்டுகோள். அதிக மதிப்பெண் வந்தவர்களை மட்டும் பொறுக்கியெடுத்து ஆறு மாதம் கழித்து மறுபடி அளந்தால், எதுவுமே செய்யாவிட்டாலும் சராசரி இறங்கும். மோசமான நாளில் நிரப்பியவர்கள் சாதாரண நாளில் நிரப்புவதால் வரும் இறக்கம் அது. டெல்லியில் 6 அரசுப் பள்ளிகளில் நடந்து 2020-இல் வெளியான ஆய்வு இதற்கு இடம் கொடுக்கவில்லை. ஒரு குழுவுக்குச் சிறு புத்தகமும் ஆலோசகரும், மற்றதற்குப் புத்தகம் மட்டும் என்று பிரித்து ஒப்பிட்டது. மாணவர்கள் தாமே சொன்ன முதன்மைப் பிரச்சினைகள் ஆலோசகர் இருந்த குழுவில் கூடுதலாகக் குறைந்தன, எஸ்.டி.கியூ. மதிப்பெண்ணில் வேறுபாடில்லை. இரண்டையும் மறைக்காமல் வெளியிட்டார்கள். ஆகவே 'எங்கள் திட்டத்தால் மாணவர் மன அழுத்தம் பாதியாகக் குறைந்தது' என்று எந்த அமைப்பாவது அறிக்கை அனுப்பினால், திட்டத்தில் சேராத, அதே அளவு மதிப்பெண் வந்த மாணவர்களையும் அதே நாளில் அளந்தீர்களா என்று கேட்டு, அவர்கள் சொன்ன பதிலையும் செய்தியோடு சேர்த்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
குழந்தைகள் மனநல ஆய்வுப் பணியாளர்கள்,
மதுரை.